பூனைக்காலியும் ஆறு குருதிக் குப்பிகளும்

மார்த்தாண்டத்திலிருந்து குலசேகரம் நோக்கிச் செல்பவர்கள், புதிதாகக் கன்று நட்ட ரப்பர் தோட்டங்களில் தரையே தெரியாதபடி ஒரு கொடி படர்ந்து கிடப்பதைப் பார்த்திருக்கலாம். மண்ணரிப்பைத் தடுக்கவும் களையை அடக்கவும் தோட்டக்காரர்கள் வளர்க்கும் மூடுபயிர் அது. அதன் நெருங்கிய உறவுதான் வேலியோரத்துப் பூனைக்காலி. எல்லைக்கு அப்பால் நாய்க்குரண என்பார்கள். காயின்மேல் இருக்கும் பொன்னிறச் சுணை உடம்பில் பட்டால் என்ன ஆகும் என்பதைச் சிறுவயதில் பட்டவர்களிடம் கேட்டுத்தான் அறிய வேண்டும். ஆனால் வைத்தியர்களிடம் இதன் விதைக்குத் தனி மரியாதை உண்டு. நரம்புத் தளர்ச்சிக்கு அதைப் பாலில் வேகவைத்துத் தோல் நீக்கிக் கொடுப்பது பழைய வழக்கம்.

இந்த விதையில் தொடங்கும் ஒரு வரலாறும், சென்னையில் ஒரு பெண்கள் காப்பகத்தில் தொடங்கும் இன்னொரு வரலாறும் மனித மூளையின் ஒரே இடத்தில் சந்தித்துக்கொள்வதைப் பற்றியே இங்கு பேச விரும்புகிறோம்.

1937 ஆம் ஆண்டு. மார்த்தாண்டம் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்துச் சந்தை ஊர். தொடுவெட்டி என்ற பழைய பெயரும் அதற்கு உண்டு. சென்னை சேப்பாக்கத்தில் இருந்த பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில் எம். தாமோதரனும் ஆர். ராமஸ்வாமியும் பூனைக்காலி விதையிலிருந்து எல்-டோபா என்ற அமினோ அமிலத்தைப் பிரித்தெடுத்து வெளியிட்டார்கள். 1913இலேயே ஐரோப்பாவில் ஓர் அவரை வகையிலிருந்து அது எடுக்கப்பட்டிருந்தது. ஆனால் அது எதற்குப் பயன்படும் என்பது அன்று யாருக்கும் விளங்கவில்லை.

இருபது ஆண்டுகள் கழித்து, 1957இல், ஸ்வீடனில் ஆர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்தார். ரெசர்பினும் நம் நாட்டு மூலிகைதான். சர்ப்பகந்தியின் வேரிலிருந்து கிடைப்பது. முயல்கள் காது தொங்கி அசைவற்றுக் கிடந்தன. டோபாவைச் செலுத்தியதும் எழுந்து நடமாடின. மூளையில் டோபா டோபமைனாக மாறுகிறது என்பதும், அசைவுக்கு டோபமைன் இன்றியமையாதது என்பதும் இவ்வழியில் தெளிவாயின. பார்க்கின்சன் நோய்க்கு இன்றுவரை முதன்மை மருந்தாக இருப்பது எல்-டோபா. கார்ல்சனுக்கு 2000ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. அவர் பயன்படுத்திய டோபா பூனைக்காலியிலிருந்து எடுத்ததல்ல என்பதையும் சொல்லிவிடுகிறோம். பெருமைக்காக வரலாற்றை வளைக்கும் பழக்கம் நமக்கு ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது.

இனி இரண்டாவது வரலாறு. 1980களின் நடுவில் எய்ட்ஸ் மேல்நாட்டாரின் நோய், நம் ஒழுக்கம் நம்மைக் காக்கும் என்று இங்கே படித்தவர்களே நம்பினார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன் இதை நம்பவில்லை. அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா, பாலியல் தொழிலுக்காகப் பிடிக்கப்பட்டு அரசுக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் குருதி மாதிரிகளைச் சேகரித்தார். அவற்றை வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்துக் காத்தார். 1986 பிப்ரவரியில் ஐஸ் பெட்டியில் அடுக்கி இரவு ரயிலில் காட்பாடிக்குக் கொண்டுசென்றார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் சோதனைத் தட்டில் ஆறு குழிகள் மஞ்சளாக மாறின. அமெரிக்காவில் நடந்த மறுசோதனையும் அதை உறுதிசெய்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. கண்டறியப்பட்ட கதை இது.

சுனிதி சாலமன் 1993இல் சென்னையில் தம் ஆய்வு, சிகிச்சை மையத்தை நிறுவினார். 2015இல் மறைந்த அவருக்கு 2017இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. நிர்மலாவின் பெயரை நெடுங்காலம் யாரும் சொல்லவில்லை. என்ன சோதனை என்பதுகூட அறியாமல் கை நீட்டிய அந்தப் பெண்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அதே 1986இல் நியூயார்க் மருத்துவர்கள் எய்ட்ஸ் நோயாளிகளின் மூளையைப் பற்றி விரிவாக எழுதினார்கள். வைரஸ் நரம்பணுக்களை நேரடியாகத் தாக்குவதில்லை. குருதியின் வெள்ளணுக்களில் ஒளிந்து மூளைக்குள் போய், அங்குள்ள காவலணுக்களில் குடியேறுகிறது. அவை கசியவிடும் நச்சுப் பொருள்கள்தாம் நரம்பணுக்களைச் சிதைக்கின்றன. அதிகம் பாதிக்கப்படுவது மூளையின் ஆழத்திலுள்ள அடித்தள முடிச்சுகள், அதாவது டோபமைன் மிகுதியாகப் புழங்கும் இடம். வாந்தியை நிறுத்த மெட்டோகுளோப்ரமைடு, மனக்குழப்பத்துக்கு ஹாலோபெரிடால் என்று டோபமைனை மறிக்கும் மருந்துகளைச் சிறிதளவு கொடுத்தாலும் இந்நோயாளிகளில் பலர் மரம்போல் விறைத்துப்போனார்கள். நடை தளர்வது, பேச்சு மெதுவாவது, எதிலும் ஊக்கமின்றி இருப்பது ஆகியவை அந்த முடிச்சுகள் பழுதாவதன் அடையாளங்கள். அருகிருப்பவர் கண்ணுக்கு அவை நோயாகத் தெரிவதில்லை. மடியன் என்பார்கள், மாத்திரையைக்கூட நேரத்துக்கு விழுங்கத் தெரியாதவன் என்பார்கள். மறதியும் ஊக்கமின்மையும் வைரஸின் வேலையாக இருக்கும்போது நோயாளியின் பொறுப்பின்மையைக் கண்டிப்பதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது.

இந்தியாவில் இந்த வகை மறதிநோய் மிகக் குறைவு என்று நெடுநாள் கருதப்பட்டது. அதற்கு ஓர் அறிவியல் காரணமும் கிடைத்தது. இங்கே பரவியிருப்பது பெரும்பாலும் சி வகை வைரஸ். அதன் டாட் என்ற புரதத்தில், அடுத்தடுத்து இருக்க வேண்டிய இரண்டு சிஸ்டீன்களில் ஒன்று மாறியிருப்பதால், காவலணுக்களை ஈர்க்கும் ஆற்றல் குறைகிறது என்று பெங்களூருவில் உதயகுமார் ரங்காவின் குழுவினர் 2004இல் காட்டினார்கள். நல்ல ஆய்வு அது. ஆயினும் அதைக் கேட்ட பலர், நம் வைரஸ் சாது என்ற முடிவுக்கு விரைந்து வந்துவிட்டதாகத் தோன்றுகிறது. 1986க்கு முன்பிருந்த அந்த ஒழுக்க நம்பிக்கையின் மறுபிறவி இது என்று சொன்னால் மிகையாகாது. சுனிதி சாலமனின் மையத்தில் நடந்து 2006இல் வெளியான ஆய்வும், பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வும், முறையாகச் சோதித்தபோது மருந்து தொடங்காத நோயாளிகளில் கணிசமானோருக்கு அறிவுத்திறன் குறைபாடு இருந்ததைக் காட்டின. கடும் மறதிநோய் அரிதாக இருந்திருக்கலாம். மிதமான குறைபாட்டை அதற்கு முன் தேடியவர்கள்தாம் மிகக் குறைவு.

டோபமைன் குறைகிறதென்றால் எல்-டோபாவைக் கொடுத்து நிரப்பினால் என்ன? எளிய, நியாயமான கேள்வி. ஜெர்மனியில் வூர்ஸ்பர்க் ஆய்வாளர்கள், எச்.ஐ.வி.யின் உறவான குரங்கு வைரஸ் தொற்றிய குரங்குகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2004இல் அவர்கள் வெளியிட்ட முடிவு நேர் எதிராக இருந்தது: மூளையின் சிதைவு மிகுந்தது. காவலணுக்களில் வைரஸ் பெருகுவதற்கு டோபமைனே துணைபோகிறது என்பதைப் பிறகு வந்த சோதனைகள் காட்டின. மூலிகைக் கடைகளில் பூனைக்காலிப் பொடி வாங்கித் தாமே மருத்துவம் செய்துகொள்ளும் நண்பர்களுக்காக இதைச் சற்று அழுத்திச் சொல்கிறோம்.

மூளைக்கும் சேர்த்து இன்று உள்ள சிறந்த காப்பு, வைரஸை அடக்கும் கூட்டு மருந்துகளே. தாம்பரம் உள்ளிட்ட சில அரசு மருத்துவமனைகளில் அவை இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது 2004 ஏப்ரலில். அதன்பின் கடுமையான மறதிநோய் பெரிதும் அருகிவிட்டது. மிதமான குறைபாடு மருந்து உண்போரிடமும் எஞ்சுகிறது.

அதைக் கண்டறிய 2005இல் ஓர் எளிய பன்னாட்டுச் சோதனையை வகுத்தார்கள். எழுத்தறிவு வேண்டாம், கருவியும் வேண்டாம். ஒரு கடிகாரம் போதும். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஐந்து விநாடி வேகமாகத் தட்டவேண்டும். கையை மூன்று நிலைகளில் வரிசையாக மாற்றிக் காட்டவேண்டும். தொடக்கத்தில் சொன்ன நான்கு சொற்களைக் கடைசியில் திருப்பிச் சொல்லவேண்டும். அந்தச் சொற்கள்: நாய், தொப்பி, அவரை, சிவப்பு.