பகுதியில் இடம்பெறாதவர்கள்: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டார மகளிர் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதம் குறித்து

தனியார் மகளிர் கல்லூரி ஒன்று தன் தேர்ச்சி விகிதம் தொண்ணூறு என்று தட்டி வைத்தால், எந்தத் தொண்ணூறு என்று யாரும் கேட்பதில்லை. விகிதம் என்பது ஒரு பின்னம். தொகுதியில் தேறியவர்கள் நிற்கிறார்கள், அதில் தகராறில்லை. பகுதியில் யாரை எழுதுகிறோம் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் அமைப்பின் மதிப்பீடு இறுதியாண்டுத் தேர்வு எழுதியவர்களைப் பகுதியாகக் கொள்கிறது. ஒன்றிய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையோ அனுமதிக்கப்பட்ட இடங்களைக் கொண்டு, உரிய காலத்துக்குள் தேறியவர்களைக் கணக்கிடுகிறது. 60 இடங்கள் உள்ள பி.காம். வகுப்பில் 52 பேர் சேர்ந்து, 44 பேர் இறுதித் தேர்வெழுதி, 40 பேர் தேறினார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் கணக்கில் 91 விழுக்காடு, இரண்டாவதில் 67. சேர்ந்தவர்களைக் கொண்டு பார்த்தால் 77. முதலாவது, இடையில் நின்ற எட்டுப் பெண்களை மறைக்கிறது. இரண்டாவது, நிரம்பாத நாற்காலிக்கும் கல்லூரியைத் தண்டிக்கிறது. மூன்றாவதே நியாயமான கணக்கு. அமெரிக்காவில் 1990-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத்தான் கேட்கிறது: ஓராண்டில் சேர்ந்த அணியில் எத்தனை பேர், படிப்புக் காலத்தின் ஒன்றரை மடங்குக்குள் பட்டம் பெற்றார்கள்? நம் அரியர் மாணவிகளுக்கும் இந்த ஒன்றரை மடங்கு பொருந்தும்.

அந்த எட்டுப் பேர் எங்கே போனார்கள்? சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிகள், தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் கூடங்கள், ராஜபாளையத்தைச் சுற்றி நூற்பாலைகள். கல்லூரியை விட்டு நின்ற பெண்ணுக்குக் கூலி வேலை தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. வைகாசி முகூர்த்தம் வேறு செமஸ்டர் தேர்வின் முதுகிலேயே வந்து நிற்கும். திருமணமாகி வெளியூர் போன பெண், இரண்டு அரியருக்காகப் பேருந்தேறித் திரும்பி வருவது மாமியார் வீட்டின் மனநிலையைப் பொறுத்தது.

அரசின் பணம் இங்கே என்ன செய்தது என்பது சுவையான கேள்வி. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண நிதியுதவியில் 2011 முதல் பட்டதாரிப் பெண்ணுக்கு 50,000 ரூபாயும், பத்தாம் வகுப்பு முடித்தவருக்கு 25,000 ரூபாயும், இருவருக்கும் தாலிக்கு 4 கிராம் தங்கமும் என்று வகுத்தார்கள். பட்டச் சான்றிதழுக்கு வீட்டில் 25,000 ரூபாய் மதிப்பு வந்தது. ஆனால் அது கடைசியில் மொத்தமாகக் கிடைக்கும் பணம். இரண்டாம் ஆண்டில் செமஸ்டர் கட்டணத்துக்குத் திண்டாடும் குடும்பத்துக்கு உதவாது. 2022 செப்டம்பரில் வந்த புதுமைப் பெண் திட்டம், 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்கு, படிக்கும் காலத்திலேயே மாதம் 1,000 ரூபாய் தருகிறது. இடைநிற்றலைத் தடுக்க இதுவே பொருத்தமான வடிவம் என்பது என் முடிவு. பழைய திட்டம் பட்டத்தைக் கல்யாணத்தோடு முடிச்சுப் போட்டதில் எனக்கு எப்போதும் ஒரு நெருடல் உண்டு.

சேர்ந்தவர் கணக்கை எடுக்கப் புதிய கருவி எதுவும் வேண்டாம். சேர்க்கைப் பதிவேட்டையும் டி.சி. புத்தகத்தையும் அருகருகே வைத்தால் போதும். சிக்கல் ஒன்றே: டி.சி.யில் விலகும் காரணத்தை எழுதும் கட்டத்தில் ‘சொந்தக் காரணம்’ என்று இருந்தால், கல்யாணம், கட்டணம், மில் வேலை மூன்றும் அந்த இரண்டு சொல்லுக்குள் அடங்கிவிடும். அந்தக் கட்டத்தை நிரப்புபவர் மாணவியிடம் இன்னொரு கேள்வி கேட்கலாம்.