அமெரிக்காவில் பெருங்குற்றத் தீர்ப்பும் அதன் பின்விளைவுகளும்

அமெரிக்கச் சட்டத்தில் குற்றங்கள் பொதுவாக இரண்டு வகைப்படும். ஓராண்டுக்கு மேற்பட்ட சிறைத் தண்டனையோ மரண தண்டனையோ விதிக்கத்தக்கவை ‘பெலனி’ எனப்படும் பெருங்குற்றங்கள். அதற்குக் குறைந்தவை ‘மிஸ்டிமீனர்’ எனப்படும் சிறு குற்றங்கள். பெருங்குற்றத் தீர்ப்பு பெற்றவர் சிறையிலிருந்து வெளியே வந்த பிறகும் தீர்ப்பு அவரது பதிவில் நிற்கிறது. வாக்குரிமை, வேலை, கல்வி உதவி ஆகியவற்றை அது எவ்வாறு பாதித்து வந்தது என்பதை இக்கட்டுரை சுருக்கமாக விளக்குகிறது.

தோற்றம்

‘பெலனி’ இங்கிலாந்தின் பொதுச் சட்டத்திலிருந்து வந்த சொல். இடைக்கால இங்கிலாந்தில் பெருங்குற்றவாளியின் நிலம் நிலப்பிரபுவுக்கும் மற்ற உடைமைகள் அரசருக்கும் போய்ச் சேர்ந்தன. பெரும்பாலான பெருங்குற்றங்களுக்கு மரணமே தண்டனை. உயிர் தப்பியவரும் சட்டத்தின் கண்ணில் இறந்தவரைப் போன்றவரே. இந்நிலையைக் ‘குடிமைச் சாவு’ என்றனர். சொத்துப் பறிமுதலை இங்கிலாந்து 1870இல் ஒழித்தது. பெருங்குற்றம், சிறு குற்றம் என்ற பாகுபாட்டையும் 1967இல் நீக்கியது. அங்கிருந்து அச்சொல்லைப் பெற்ற அமெரிக்கா அதை இன்றும் வைத்திருக்கிறது.

வாக்குரிமை

உள்நாட்டுப் போருக்குப் பின் 1868இல் ஏற்கப்பட்ட 14ஆவது அரசமைப்புத் திருத்தம், ஆண்களின் வாக்குரிமையை மறுக்கும் மாநிலங்களின் பிரதிநிதித்துவத்தைக் குறைக்க வழி செய்தது. ஆனால் கலகத்திலோ வேறு குற்றத்திலோ ஈடுபட்டவர்களுக்கு வாக்கு மறுக்கப்பட்டால் அந்த விதி பொருந்தாது. இந்த விலக்கைத் தென்மாநிலங்கள் பயன்படுத்திக்கொண்டன. மிசிசிப்பியின் 1890ஆம் ஆண்டு அரசமைப்பு, வாக்குரிமையைப் பறிக்கும் குற்றங்களாகத் திருட்டு, தீவைப்பு, இருதார மணம் போன்றவற்றைப் பட்டியலிட்டது. கொலையும் பாலியல் வன்கொடுமையும் அப்பட்டியலில் இல்லை! கறுப்பின மக்கள் அதிகம் செய்வதாக அன்றைய வெள்ளையர் கருதிய குற்றங்களையே தேர்ந்தெடுத்ததுதான் காரணம். கொலையும் பாலியல் வன்கொடுமையும் 1968இல்தான் சேர்க்கப்பட்டன.

பெருங்குற்றவாளிகளின் வாக்குரிமையை மாநிலங்கள் பறிக்கலாம் என்று 1974இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும் அலபாமாவின் 1901ஆம் ஆண்டு விதி ஒன்றை, இனப் பாகுபாட்டு நோக்கில் எழுதப்பட்டது என்று கூறி 1985இல் அதே நீதிமன்றம் ரத்து செய்தது. இன்று மெய்ன், வெர்மான்ட் ஆகிய மாநிலங்களில் சிறையில் இருப்பவரும் வாக்களிக்கலாம். வேறு சில மாநிலங்களில் தண்டனை முடிந்த பிறகும் தனியாக அனுமதி பெற வேண்டும்.

வேலையும் கல்வியும்

சமூகவியலாளர் டேவா பேஜர் மில்வாக்கி நகரில் நடத்திய ஆய்வு 2003இல் வெளியானது. ஒரே தகுதி கொண்ட இளைஞர்களை அவர் வேலை கேட்டு அனுப்பினார். சிலர் சிறை சென்றவர்களாகத் தங்களைக் காட்டிக்கொண்டனர். முடிவுகள் வருமாறு: குற்றப் பதிவு இல்லாத வெள்ளையரில் 34 விழுக்காட்டினருக்கு மறு அழைப்பு வந்தது, பதிவு உள்ள வெள்ளையருக்கு 17, பதிவு இல்லாத கறுப்பினத்தவருக்கு 14, பதிவு உள்ள கறுப்பினத்தவருக்கு 5. குற்றமே செய்யாத கறுப்பின இளைஞரைவிடச் சிறை சென்ற வெள்ளையருக்கு வாய்ப்பு சற்று அதிகம் என்பது கவனிக்கத்தக்கது.

சிறையில் படிப்போருக்குக் கிடைத்துவந்த பெல் கல்வி உதவித்தொகையை 1994ஆம் ஆண்டுச் சட்டம் நிறுத்தியது. 1996இல் வந்த நலத்திட்டச் சட்டம், போதைப்பொருள் தொடர்பான பெருங்குற்றத்தில் தண்டிக்கப்பட்டவர்களுக்கு உணவு உதவியை வாழ்நாள் முழுவதும் மறுத்தது. மாநிலங்கள் விரும்பினால் இத்தடையிலிருந்து விலகலாம். துப்பாக்கி வைத்திருப்பதற்கும் கூட்டாட்சி நீதிமன்றங்களில் ஜூரியாக அமர்வதற்கும் பெருங்குற்றத் தீர்ப்பு தடையாக உள்ளது.

மாற்றங்கள்

வேலை விண்ணப்பத்தின் தொடக்கத்திலேயே குற்றப் பதிவைக் கேட்கக் கூடாது என்று ஹவாய் மாநிலம் 1998இல் சட்டம் இயற்றியது. பின்னர் பல மாநிலங்கள் இதைப் பின்பற்றின. பென்சில்வேனியா 2018இல், குறிப்பிட்ட காலம் கடந்த சிறு குற்றப் பதிவுகளைத் தானாகவே மூடிவைக்கும் முறையைக் கொண்டுவந்தது. சிறைவாசிகளுக்கான பெல் உதவித்தொகை 2023 ஜூலையில் மீண்டும் நடைமுறைக்கு வந்தது.

புளோரிடா வாக்காளர்கள் 2018இல், தண்டனையை முடித்தவர்களுக்கு வாக்குரிமையைத் திருப்பித் தரும் திருத்தத்தை ஏறத்தாழ 65 விழுக்காட்டு ஆதரவுடன் நிறைவேற்றினர். கொலை, பாலியல் குற்றம் ஆகியவற்றில் தண்டனை பெற்றவர்களுக்கு இது பொருந்தாது. ஆனால் அபராதமும் நீதிமன்றக் கட்டணமும் கட்டி முடித்தால்தான் தண்டனை முடிந்ததாகும் என்று மறு ஆண்டே சட்டமன்றம் விதித்தது. பணம் கட்ட இயலாத ஏழைகள் மீண்டும் வரிசைக்கு வெளியே நின்றனர்.

தண்டனை எந்த நாளில் முடிகிறது என்பதே இந்த வரலாற்றின் மையக் கேள்வி. நீதிபதி விதித்த ஆண்டுகளை எண்ணி முடித்துவிடலாம். தீர்ப்பில் எழுதப்படாத தடைகளுக்கு அப்படிக் கணக்கு இல்லை. திருந்தி வாழ் என்று ஒருவரைச் சொல்லி அனுப்பும் சமூகம், அவர் உழைத்துப் பிழைக்க வழியையும் திறந்துவைக்க வேண்டும்.