செத்த பல் மீண்டும் வளருமா?

கீழே விழுந்து முன்பல்லில் அடிபட்ட சிறுவர்களைப் பார்த்திருப்பீர்கள். பல்லின் வேர் முற்றுமுன் உள்ளிருக்கும் பற்கூழ் செத்துவிட்டால் வேரின் வளர்ச்சி நின்றுவிடும்; மெல்லிய சுவருடைய பல் பின்னாளில் எளிதில் முறியும்.

1961-இல் நார்வே நாட்டு நைகார்ட்-ஓஸ்ட்பி ஒரு விந்தையான சோதனையை வெளியிட்டார். வேர்க்குழாயைச் சுத்தம் செய்து, வேர்நுனிக்கு அப்பால் கருவியால் கீறி, குழாய்க்குள் இரத்தம் கசிந்து உறையும்படி விட்டார். அந்த உறைவுக்குள் புதுத் திசு படர்ந்தது. ஆனால் அது பற்கூழ் அல்ல, வெறும் நார்த்திசு!

2001-இல் ஜப்பானில் இவாயா குழுவினர், சீழ்பிடித்த இளம்பல் ஒன்றின் வேர் மறுபடி வளர்ந்ததை அறிவித்தனர். 2004-இல் பாங்க்ஸ், டிரோப் இருவரும் மும்மருந்துக் களிம்பால் கிருமிகளை ஒழித்தபின் இரத்தத்தை வரவழைத்தனர். களிம்பிலுள்ள மினோசைக்ளின் பல்லைக் கறுக்கச் செய்யக்கூடும்.

நோய் பெரும்பாலும் ஆறுகிறது. வேரோ சில பற்களில் நீள்கிறது, சிலவற்றில் நீள்வதில்லை. உள்ளே வளர்வதும் பெரும்பாலும் எலும்பு போன்ற திசுவே. அது குழாயை அடைத்துக்கொண்டால், மீண்டும் கிருமி புகும்போது வழக்கமான வேர்ச் சிகிச்சையும் கடினமாகிவிடுகிறது.