கட்டுப்பாட்டுக் கேபிள் மாற்றுதல் (அமர்ந்து ஓட்டும் புல்வெட்டி)

அமர்ந்து ஓட்டும் புல்வெட்டியில் ஓட்டுநரின் கைக்கு எட்டும் லீவர்களை எஞ்சினோடும் வெட்டும் தளத்தோடும் இணைக்கும் உறையிட்ட எஃகுக் கம்பிக்குக் கட்டுப்பாட்டுக் கேபிள் என்று பெயர். வீட்டைச் சுற்றி அகன்ற புல்வெளி வளர்க்கும் அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் இவ்வகை வண்டி பெருவழக்கு. அங்கே வீட்டுக்காரரே கழற்றி மாட்டும் உதிரிபாகங்களில் இந்தக் கேபிளும் ஒன்று. மாட்டுவது எளிது. பழைய கேபிள் ஏன் அறுந்தது என்று பார்ப்பதிலும், புதியதை மாட்டியபின் இழுவையைச் சரியாக வைப்பதிலும்தான் வேலையின் பெரும்பகுதி இருக்கிறது.

தோற்றம்

இங்கிலாந்தில் ஸ்ட்ரவுட் ஊரைச் சேர்ந்த எட்வின் பியர்ட் பட்டிங் 1830இல் காப்புரிமை பெற்ற முதல் புல்வெட்டி, ஆள் தள்ளிச் செல்லும் உருளைப் பொறி. அதில் கேபிளுக்கு வேலையே இல்லை. உறைக்குள் ஓடும் கம்பிக்கு லண்டனில் வாழ்ந்த எர்னஸ்ட் மொன்னிங்டன் போடன் 1896இல் காப்புரிமை பெற்றார். அதனால் இன்றும் இது போடன் கேபிள் எனப்படுகிறது. ராலே சைக்கிள் நிறுவனத்தை நிறுவிய பிராங்க் போடனே இதைக் கண்டுபிடித்தவர் என்று பலர் எழுதிவிட்டார்கள். எர்னஸ்ட் போடனின் காப்புரிமையை விற்பனைக்குக் கொண்டுவந்த கூட்டு நிறுவனத்தின் உறுப்பினர்களில் பிராங்கும் ஒருவர். கண்டுபிடிப்பின் பெருமை எர்னஸ்டுக்கே உரியது.

வீட்டுத் தோட்ட டிராக்டர்கள் அமெரிக்காவில் 1960களில் பரவின. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரின் கப் கேடட் 1961இலும் ஜான் டியரின் 110ஆம் மாடல் 1963இலும் வந்தன. எஞ்சின் முன்னால், ஆள் பின்னால், வெட்டும் தளம் வயிற்றுக்கடியில் என்ற அமைப்பில், வளைந்து நெளிந்து போகக்கூடிய கேபிள் விறைப்பான தண்டைவிட எளிதாக இடம் பிடித்தது.

அமைப்பும் இயக்கமும்

மோட்டார் சைக்கிளின் கிளட்ச் கேபிளைப் பார்த்தவருக்கு இது புதிதல்ல. வெளியே பிளாஸ்டிக் பூச்சு, அதனுள் சுருளாகச் சுற்றிய எஃகு, அதற்குள் வழுவழுப்பான குழல், நடுவே கம்பி. லீவர் கம்பியை இழுக்கும்போது உறை அதே அளவு அழுத்தத்தை எதிர்த்து நிற்கிறது. ஆகவே உறையின் இரு முனைகளும் சட்டத்தோடு இறுகப் பிடிக்கப்பட்டிருக்க வேண்டும். பிடிப்பான் தளர்ந்திருந்தால் லீவரை எவ்வளவு இழுத்தாலும் உறைதான் நகரும், மறுமுனையில் ஒன்றும் நடக்காது. ‘கேபிள் நீண்டுவிட்டது’ என்று தூக்கி எறியப்படுபவற்றில் பல உண்மையில் உறைப் பிடிப்பு நழுவியவை, அல்லது பெல்ட் தேய்ந்து தொய்ந்தவை. புதிய கேபிள் வாங்குமுன் இவ்விரண்டையும் பார்த்துவிடுவது பணத்தை மிச்சப்படுத்தும்.

கம்பியில் இரண்டு வகை உண்டு. பல இழைகளை முறுக்கிய கம்பி இழுக்க மட்டுமே உதவும். திருப்பிக் கொண்டுவருவது மறுமுனையில் உள்ள ஸ்பிரிங்கின் வேலை. ஒற்றைத் தடித்த கம்பி இழுக்கவும் செய்யும், தள்ளவும் செய்யும். திராட்டில், சோக் கேபிள்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை. ஒருமுறை மடிந்துவிட்டால் பிறகு அவை நேராகாது.

திராட்டில் கேபிள் கார்புரேட்டரின் தட்டை நேரடியாகத் திறப்பதில்லை. எஞ்சின் வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னரின் ஸ்பிரிங் இழுவையை அது மாற்றுகிறது. தட்டைத் திறப்பதும் மூடுவதும் கவர்னரின் பொறுப்பு. வேகம் போதவில்லை என்று கேபிளை முறுக்கேற்றியோ கவர்னர் ஸ்பிரிங்கை வேறு துளைக்கு மாற்றியோ எஞ்சினை விரட்டக் கூடாது. அமெரிக்கத் தரநிலை, வெட்டும் கத்தியின் நுனிவேகத்துக்கு நிமிடத்துக்கு 19,000 அடி என்று எல்லை வகுத்திருக்கிறது. மணிக்கு ஏறத்தாழ 350 கிலோமீட்டர். கவர்னரைக் கலைப்பவர் இந்த எல்லையைத்தான் கலைக்கிறார்.

அறுபடும் காரணங்கள்

கேபிள் நடுவில் அறுவது அரிது. கம்பி உறையைவிட்டு வெளியே வரும் இடத்திலோ, அதன் முனையில் உள்ள நிப்பிளின் கழுத்திலோதான் பெரும்பாலும் போகும், ஏனென்றால் ஒவ்வொரு இழுவையிலும் மடிவது அந்த இடமே. அறுந்த முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் சில இழைகளின் நுனி துருவேறிக் கறுத்திருக்கும், சில பளபளக்கும். கறுத்தவை எப்போதோ அறுந்தவை, பளபளப்பவை கடைசியாகப் போனவை. கறுத்த இழைகள் அதிகமென்றால் அந்த இடத்தில் கம்பி நெடுநாள் சாய்வாக உரசியிருக்கிறது என்று பொருள். கொக்கி மாட்டும் துளை தேய்ந்திருக்கலாம், தாங்கித் தகடு வளைந்திருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் புதியதை மாட்டினால் அதுவும் அதே இடத்தில் அறும்.

மற்றக் காரணங்களும் உண்டு. சைலன்சரின் சூட்டில் உறை உருகிக் கம்பியைக் கவ்விக்கொள்ளும். வெட்டும் தளத்தைக் குழாய்த் தண்ணீரால் கழுவும்போது உறைக்குள் நீர் இறங்கித் துருப்பிடிக்கும். குளிர் நாடுகளில் அந்த நீரே உறைந்து லீவரை அசையவிடாது. குளிர்காலம் முழுக்க நிறுத்தி வைத்த வண்டியின் பானட்டுக்குள் எலி கூடு கட்டிப் பிளாஸ்டிக்கைக் கடித்திருக்கும்.

மாற்றும் முறை

சாவியை எடுத்து, பார்க்கிங் பிரேக்கைப் போட்டு, சக்கரங்களுக்கு அண்டை கொடுத்து, எஞ்சின் ஆறியபின் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி ஒதுக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் முனையையும் கழற்றுவது நல்லது. தளத்துக்கடியில் கைவிட நேர்ந்தால் கனத்த கையுறை கட்டாயம். வண்டியை ஜாக்கியின் மேல் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் புகவே கூடாது.

கேபிளை வண்டியின் மாடல் எண்ணைக்கொண்டே வாங்க வேண்டும். அந்த எண் பல வண்டிகளில் இருக்கைக்கு அடியில் ஒட்டிய தகட்டில் இருக்கும். எண் அழிந்திருந்தால் பழைய கேபிளை அளக்கலாம். அப்போது உறையின் நீளத்தையும், உறைக்கு வெளியே தெரியும் கம்பியின் நீளத்தையும் தனித்தனியாக எடுக்க வேண்டும். மொத்த நீளம் ஒன்றாக இருந்து இவை மாறினால் கேபிள் மாட்டிக்கொள்ளும், ஆனால் இழுவை பொருந்தாது. முனையின் வடிவமும் முக்கியம்: இசட் போல மடித்தது, உருண்டை நிப்பிள், பீப்பாய் நிப்பிள், ஸ்பிரிங் கோத்தது என ஒவ்வொன்றுக்கும் துளை வேறு.

கழற்றுமுன் கேபிள் போகும் பாதையைப் படம் எடுத்துக்கொள்வது நல்லது. பழையதை உருவும்போது அதன் வாலில் மெல்லிய கயிறு ஒன்றைக் கட்டிவிட்டால் அதே வழியில் புதியதை இழுத்துக்கொண்டு வரலாம். பெட்ரோல் டேங்குக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவே தடவித் திண்டாட வேண்டியதில்லை. வளைவுகள் அகலமாக இருக்கட்டும். சைலன்சர், பெல்ட், ஸ்டீயரிங் பற்சக்கரம் மூன்றுக்கும் எட்டாமல் கட்டுப்பட்டை போட வேண்டும்.

திராட்டிலும் சோக்கும் ஒரே லீவரில் உள்ள வண்டியில், லீவரைச் சோக் குறியில் வைத்தால் கார்புரேட்டரின் சோக் தட்டு முழுதாக மூட வேண்டும், வேகக் குறிக்கு வந்தால் முழுதாகத் திறக்க வேண்டும். இரண்டும் அமையும் இடத்தில் உறைப் பிடிப்பானின் திருகை இறுக்க வேண்டும். உறை நசுங்கும் அளவுக்கு வேண்டாம். லீவரை இறக்கி எஞ்சினை அணைக்கும் பழைய மாடல்களில், அந்தக் கடைசி இழுவையும் எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். எட்டாவிட்டால் எஞ்சின் அணையாது.

கத்திக் கேபிள்

கத்தியைச் சுழலவிடும் கேபிளுக்குத் தனிக் கவனம் தேவை. லீவரைப் போட்டதும் கேபிள் ஒரு ஸ்பிரிங் வழியாக நகரும் புல்லியை இழுத்து, பெல்ட்டை இறுக்கி, கத்திகளை ஓட்டுகிறது. லீவரை எடுத்ததும் புல்லி பின்வாங்கும். அதனோடு சேர்ந்த பிரேக் கட்டை கத்திப் புல்லியில் அழுந்தி நிறுத்தும். கேபிள் அளவுக்குமீறி இறுக்கமாக இருந்தால் அந்தக் கட்டை முழுதாக அழுந்தாது. லீவர் ‘ஆஃப்’ நிலையில் இருக்கும், கத்தியோ மெல்லச் சுற்றிக்கொண்டிருக்கும். தளர்வாக இருந்தால் அடர்ந்த புல்லில் பெல்ட் வழுக்கி ரப்பர் கருகும் வாடை வரும். கருகல் மூக்குக்குத் தெரிந்துவிடும். மெல்லச் சுற்றும் கத்தி தளத்துக்குள் மறைந்திருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. இரண்டில் அதுவே கொடியது.

ஓட்டுநர் எழுந்தால் எஞ்சினை நிறுத்தும் இருக்கை சுவிட்ச் இருக்கிறதே என்று இதை விட்டுவிட முடியாது. பல மாடல்களில் கத்தி ஓடுகிறதா என்பதைச் சுவிட்ச் லீவரின் நிலையை வைத்தே அறிகிறது. துருப்பிடித்த உறைக்குள் கம்பி சிக்கிக்கொண்டால் லீவர் திரும்பியிருக்கும், புல்லி திரும்பியிருக்காது. அப்போது சுவிட்ச் கத்தி நின்றுவிட்டதாகவே எடுத்துக்கொள்ளும்.

ஆகவே சரிபார்ப்பை எஞ்சினை இயக்காமலே தொடங்க வேண்டும். லீவர் ‘ஆஃப்’இல் கேபிளில் சிறிது தொய்வு இருக்கிறதா, பிரேக் கட்டை புல்லியில் படிந்திருக்கிறதா, லீவரைப் போடும்போது ஸ்பிரிங் கையேட்டில் சொன்ன அளவுக்கு நீள்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு தளத்தை மிகத் தாழ்ந்த நிலையிலும் மிக உயர்ந்த நிலையிலும் வைத்து இதையே திரும்பச் செய்ய வேண்டும். கேபிளின் ஒரு முனை சட்டத்திலும் மறுமுனை ஏறி இறங்கும் தளத்திலும் இருப்பதால், ஒரு உயரத்தில் சரியாக இருப்பது இன்னொன்றில் தானாகவே இறுகிவிடும். பலர் தாண்டிப் போகும் படி இதுதான். ஸ்டீயரிங்கையும் இரு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பார்க்க வேண்டும். அதன்பின் இருக்கையில் அமர்ந்தபடி எஞ்சினை இயக்கி, கத்தியைப் போட்டு எடுத்து, கையேடு சொல்லும் நொடிகளுக்குள் அது நிற்கிறதா என்று கவனிக்க வேண்டும்.

அறுந்த கத்திக் கேபிளைக் கிளிப் போட்டு ஒட்டி ஓட்டும் வழக்கம் உண்டு. திராட்டில் கேபிளில் இரண்டொரு நாள் சமாளிக்க அது உதவலாம். கத்திக் கேபிளில் வேண்டவே வேண்டாம். கிளிப் உறையின் வாயில் சிக்கினால் கத்தி நிற்க வழியில்லை.

பராமரிப்பு

உள்ளே வழுவழுப்பான குழல் உள்ள கேபிளுக்குக் கிரீஸ் தேவையில்லை. கிரீஸ் போட்டால் புல்தூள் ஒட்டிக்கொண்டு பசையாகிவிடும். குழல் இல்லாத பழைய வகைக்கு மெல்லிய எண்ணெய் சில சொட்டு போதும். புதிய கேபிளின் உறை முதல் சில வெட்டுகளில் தன் இடத்தில் படிந்துகொள்வதால் கத்திக் கேபிளின் தொய்வை மறுபடியும் ஒருமுறை அளக்க வேண்டும். சுவிட்சைத் தட்டினால் கத்தியை ஓட்டும் மின்காந்தக் கிளட்ச் பொருத்திய வண்டிகளில் கத்திக் கேபிளே கிடையாது. பேட்டரியில் ஓடும் வண்டிகளில் திராட்டில், சோக் கேபிள்களும் இல்லை.