பத்தொன்பது டொலர் தொலைநோக்கி

சினைப்பர் என்ற சொல்லை எமது மக்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. 2009 வரை நீடித்த போரில் காவலரண்களை அண்டி வாழ்ந்தவர்கள் அகராதியைப் புரட்டாமலே அச்சொல்லைக் கற்றுக்கொண்டார்கள். துவக்கின்மேல் பூட்டிய தொலைநோக்கியைப் படத்தில் கண்டாலும் எமக்கு நினைவில் எழுவது மரணம் மட்டுமே.

ஆயினும் அச்சொல் பிறந்தது போர்க்களத்தில் அல்ல. சேற்று வயல்களில் வளைந்து வளைந்து பறக்கும் உள்ளான் பறவைக்கு ஆங்கிலத்தில் 'ஸ்னைப்' என்று பெயர். 18ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த ஆங்கிலேய அதிகாரிகள் உள்ளான் வேட்டையைக் குறிக்க வழங்கிய சொல்லே, பின்னாளில் மறைந்திருந்து மனிதனைச் சுடுபவனுக்கு ஆகிவந்தது. சொல்லுக்கு நேர்ந்தது கருவிக்கும் நேர்ந்தது. வேட்டைக்கும் போருக்கும் இடையே பலமுறை போய்வந்த பொருள் அந்தத் தொலைநோக்கி. அது ஏழைக்கு எட்டும் விலைக்கு இறங்கிவந்த கதையே இக்கட்டுரை.

துவக்கில் தொலைநோக்கி பொருத்தும் முயற்சிகள் அமெரிக்காவில் 1840களில் உருப்பெற்றன. 1855இல் நியூயோர்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில் வில்லியம் மல்கம் என்பவர் இவற்றைச் செய்து விற்கத் தொடங்கினார். துவக்குக் குழலின் நீளத்துக்கு நீண்ட இக்கருவிகளை வாங்கக் கூடியவர்கள் சிலரே. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் இவை மனிதர்கள்மீது திரும்பின.

இதே காலத்தில் மற்றொரு எளிய பொருளும் வளர்ந்து வந்தது. 1845இல் பிரெஞ்சுக்காரரான ஃபுளோபேர் உருவாக்கிய சிறு ரவையில், தீப்பற்றும் மருந்து அடித்தட்டின் விளிம்பிலேயே அடைக்கப்பட்டிருந்தது. 'ரிம்ஃபயர்' என்ற பெயருக்குக் காரணம் அதுவே. அந்த வழியில் 1887இல் அமெரிக்க ஸ்டீவன்ஸ் நிறுவனம் வெளியிட்ட '.22 லோங் ரைபிள்' ரவை இன்றுவரை உலகெங்கும் சுடப்படுகின்றது. 2.6 கிராம் எடையுள்ள ஈயக் குண்டு, மெல்லிய ஓசை, தோளில் உணரப்படாத பின்னுதைப்பு, குறைந்த விலை. முயலும் அணிலும் சுடும் கிராமத்தவனின் துவக்கு அது. ஆனால் அவனுக்குத் தொலைநோக்கி எட்டாக் கனியாகவே இருந்தது.

பெருமந்தம் தொடங்கிவிட்ட 1930இல் நிலைமை மாறியது. இருபதுகளின் நடுவிலிருந்த வில்லியம் வீவர் என்ற இளைஞர், கென்ரக்கி மாநிலத்தின் நியூபோர்ட் நகரில் '330' என்ற தொலைநோக்கியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். துவக்கில் பொருத்தும் தாங்கியையும் சேர்த்து விலை 19 டொலர். ஐரோப்பியக் கருவிகளின் விலையோடு ஒப்பிட இது மிகச் சொற்பம். 1933இல் தொழிலை டெக்ஸாஸ் மாநிலத்தின் எல் பாசோவுக்கு மாற்றிய அவர், .22 துவக்குகளுக்கென்றே இன்னும் மலிவான வகைகளையும் செய்தார்.

இந்த மலிவு எப்படிச் சாத்தியமாயிற்று? முக்கால் அங்குலக் குழாய், சிறிய வில்லைகள், மாற்ற முடியாத ஒரே உருப்பெருக்கம். உருப்பெருக்கத்தையும் ஒளியையும் குறைத்து, குறுக்குக் கோடு அசையாதிருப்பதை அவர் காப்பாற்றினார் எனலாம். பின்னுதைப்பே இல்லாத .22 துவக்குக்கு அந்த உறுதி தாராளமாகப் போதும். மலிவு என்பது தரக்குறைவு அன்று. எதை விட்டுக்கொடுப்பது என்று தெரிந்திருப்பதுதான் மலிவின் கலை.

அந்த விட்டுக்கொடுப்பு எங்கே செல்லாது என்பதைப் போர் காட்டியது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கத் தரைப்படையிடம் சினைப்பர் துவக்குக்கு ஏற்ற தொலைநோக்கி கைவசம் இருக்கவில்லை. கடையில் விற்ற வீவரின் 330 வகையையே எடுத்து, 'எம்73பி1' என்ற இராணுவப் பெயரைச் சூட்டி, 1943 முதல் 'எம்1903ஏ4' துவக்கில் பொருத்தினார்கள். அத்துவக்குகளில் சுமார் 28,000 செய்யப்பட்டன. வேட்டைக்காரனின் கருவி சிப்பாயின் கைக்குப் போனது. ஆனால் ஈரம் உட்புகாதபடி அது அடைக்கப்பட்டிருக்கவில்லை. மழையிலும் புழுக்கத்திலும் வில்லைகளின் உட்புறம் ஆவி படர்ந்தது. அணில் வேட்டைக்காரன் மழை பெய்தால் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். சிப்பாய்க்கு அந்த வசதி இல்லை. குழாயினுள் நைதரசன் வாயுவை அடைத்து இக்குறையைத் தீர்த்த வேட்டைத் தொலைநோக்கியை லூப்போல்ட் நிறுவனம் 1947இல் வெளியிட்டது.

அடுத்த திருப்பம் யப்பானில் நிகழ்ந்தது. யமாட்டோ போர்க்கப்பலுக்கு 15 மீற்றர் நீளமான தூரமானிகளைச் செய்த நிப்பொன் கொகாகு நிறுவனம் தோல்விக்குப் பின் புகைப்படக் கருவிகளுக்குத் திரும்பியது. 'நிக்கோன்' என்று நாமறிந்த பெயர் அதனுடையதே. கண்ணாடி தீட்டத் தெரிந்த யப்பானியக் கைகள் பிழைப்புத் தேடிய அந்நாட்களில், 1948இல், டேவிட் புஷ்நெல் என்ற அமெரிக்கர் அங்கிருந்து இருகண் தொலைநோக்கிகளை இறக்குமதி செய்யத் தொடங்கினார். 1954இல் ஃபுளோரிடாவின் மயாமியில் தோன்றி, பின்னாளில் 'டாஸ்கோ' என்று பெயர்பெற்ற நிறுவனமும் அவ்வழியே சென்றது. துவக்குத் தொலைநோக்கிகளும் அந்த வழியில் வந்து குவிந்தன. 1968இல் தமது நிறுவனத்தை ஒலின் குழுமத்துக்கு விற்ற வீவர் 1975இல் காலமானார். எல் பாசோ தொழிற்சாலை 1980களில் மூடப்பட்டது. டாஸ்கோவும் 2002இல் வீழ்ந்து, அதன் பெயரைப் புஷ்நெல் வாங்கிக்கொண்டது. மலிவுச் சந்தை தன்னை வளர்த்தவர்களையும் விட்டுவைக்கவில்லை.

இவ்வரலாறு இன்று .22 துவக்குக்குத் தொலைநோக்கி தேடும் ஒருவருக்குச் சொல்வது என்ன? அனுமதிப்பத்திரத்தோடு வேட்டைக்கோ குறிசுடும் கழகத்துக்கோ செல்லும் எம்மவர் புலம்பெயர் நாடுகளில் உளர். அவர்களுக்கு மூன்று குறிப்புகள்.

முதலாவது, ஒளி. முகப்பு வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வந்துசேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 15 மில்லிமீற்றர் வில்லையும் நான்கு மடங்கு உருப்பெருக்கமும் கொண்ட பழைய விளையாட்டுத் தொலைநோக்கி 4 மில்லிமீற்றருக்கும் குறைவாகவே தரும். 32 மில்லிமீற்றர் வில்லையானால் 8 கிடைக்கும். அந்திப்பொழுதில் இளைஞனின் கண்மணி ஏறத்தாழ 7 மில்லிமீற்றர்வரை விரியும் என்பதை நினைத்தால் வேறுபாடு விளங்கும்.

இரண்டாவது, இடமாறு தோற்றப் பிழை. கண்ணைச் சற்று அசைத்தால் குறுக்குக் கோடு இலக்கின்மீது நகர்வதாகத் தோன்றுவதே அது. பெரிய துவக்குகளுக்கான தொலைநோக்கிகளில் பெரும்பாலானவை 100 யார் தூரத்துக்கோ அதற்கப்பாலோ பொருத்தப்பட்டவை. 32 மில்லிமீற்றர் வில்லை கொண்ட ஒன்றை 50 யாரில் பயன்படுத்தினால், கண் ஓரத்துக்கு விலகும்போது 8 மில்லிமீற்றர்வரை குறி தவறலாம். .22 குண்டின் அகலமே 5.6 மில்லிமீற்றர்தான். ஆதலால் 50 யாருக்கென்று அமைக்கப்பட்டதையே வாங்க வேண்டும். அதற்கு விலை கூடுவதில்லை.

மூன்றாவது, ஆசை. ஒன்பது மடங்கு, பன்னிரண்டு மடங்கு என்று பெட்டியில் அச்சிட்ட எண்ணுக்கு மயங்கினால், அந்த எண்ணுக்காக வேறெதையோ விட்டுக்கொடுத்திருப்பார்கள். அது பெரும்பாலும் கோட்டின் உறுதியாகவே இருக்கும். குறைந்த விலையில் வாங்குபவருக்கு நான்கு மடங்கு நிலையான தொலைநோக்கியும் ஆட்டம் காணாத நல்ல தாங்கியுமே போதும். ஒலிம்பிக்கின் 50 மீற்றர் ரைபிள் போட்டியிலும், 1978 முதல் .22 ரவையையே பயன்படுத்தும் பயத்லன் போட்டியிலும் உருப்பெருக்கும் தொலைநோக்கிக்கு இடமே இல்லை என்பதும் இங்கே நினைக்கத் தக்கது. சிறு துளையினூடே பார்த்து அவர்கள் பதக்கம் வெல்கிறார்கள்.

வேட்டைக்காரனின் சொல்லைப் போர் எடுத்துக்கொண்டது. அவனது 19 டொலர் கருவியையும் எடுத்துக்கொண்டது. யப்பானில் போருக்கு வளர்ந்த கைவினையோ வேட்டைக்காரனின் விலையைக் குறைத்தது. கருவி இரண்டு பக்கமும் ஒன்றுதான். இங்கே பிறந்து வளர்ந்த எமக்கு அந்தக் குழாயின் ஒரு முனை மட்டுமே தெரிய வாய்த்தது. மறுமுனையில் ஒரு வேட்டைக்காரன் தன் சட்டைப்பையில் இருந்த காசை எண்ணிப் பார்த்துக்கொண்டு நின்றான் என்பதையும் வரலாறு பதிந்து வைத்திருக்கின்றது.