அக்ரோட்டு மரமும் அதன் வரலாறும்

தலைநகரில் வாழும் நம்மவர் இல்லங்கள் பலவற்றில் காசுமீரத்துச் செதுக்குத் தட்டு ஒன்றேனும் இருக்கும். ஊருக்குச் செல்லுங்கால் உறவினர்க்கென வாங்கிச் செல்வதும் உண்டு. அத்தட்டின் மரம், அக்ரோட்டுக் கொட்டை தரும் அதே மரமே. இதனை வாதுமை என்பாரும் உளர், வாதுமை வேறு.

இரயிற் பெட்டிக்குத் தேக்கே தக்கது எனக் கேட்டு வளர்ந்தவர் யாம். எனினும் அக்ரோட்டின் இயல்பு தனி. அதற்கு உறுதியும் உண்டு. உளிக்கு இணங்கும் தன்மையும் உண்டு. நன்கு உலர்ந்தபின் எளிதில் திருகாது, நுண்ணிய கோடும் சிதறாமல் நிற்கும், சாயமின்றியே மெருகேறும். வேர்ப்பகுதி ஏறக்குறையக் கருமை, அடிமரம் பழுப்பு, கிளை வெளிர்நிறம். விலையும் அவ்வரிசையிலேயே இறங்கும்.

இச்சிறப்புகளே அம்மரத்திற்குப் பகையாயின. இங்கிலாந்தில் 1660-இல் முடியாட்சி மீண்டபின், ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் செல்வர் வீட்டு அலமாரிக்கும் நாற்காலிக்கும் இதனையே விரும்பினர். 1709-ஆம் ஆண்டின் கொடும்பனியில் ஐரோப்பாவின் அக்ரோட்டு மரங்கள் பெருவாரியாக மடிந்தன. 1720-இல் பிரான்சு ஏற்றுமதியைத் தடுத்தது. மறு ஆண்டே, அமெரிக்கக் குடியேற்றங்களின் மரத்திற்கு இங்கிலாந்து சுங்கத்தை நீக்கவே, மகாகனி உள்ளே புகுந்தது.

பின்னர்த் துப்பாக்கி வந்து இம்மரத்தைக் கேட்டது. சுடும் அதிர்ச்சியைத் தாங்கும், பிளவாது, ஈரத்திலும் வடிவு பெரிதும் மாறாது என்பதால், துப்பாக்கியின் அடிக்கட்டைக்கு இதனையே நாடினர். 1918-இல் அமெரிக்காவில், இதன் இனமாகிய கறுப்பு அக்ரோட்டு மரங்கள் எங்கெங்கு நிற்கின்றன எனக் கணக்கெடுக்கச் சாரணச் சிறுவரையே ஏவினர். வானூர்தியின் சுழல்விசிறிக்கும் அம்மரம் வேண்டியிருந்தது. கொட்டை பொறுக்கித் தின்ற பிள்ளைகளே மரத்தைக் காட்டிக்கொடுக்க நேர்ந்தது!

காசுமீரத்தில் கதை வேறு. 15-ஆம் நூற்றாண்டில் ஆண்ட சைனுல் ஆபிதீன் மன்னர் நடு ஆசியக் கைவினைஞரை வருவித்து இக்கலையை ஊன்றினார் என்பது அங்குள்ள மரபு. அங்கே காய்க்கும் மரம் குடியானவனுக்குச் சோறு. அதனை வெட்ட எளிதில் மனம் வராது. அரசின் இசைவின்றி வெட்டலாகாதென 1969-ஆம் ஆண்டுச் சட்டமும் விதித்தது. கிடைத்த மரத்தை அறுத்து, பலகைகளை இடைவெளி விட்டு அடுக்கி, நிழலில் ஆண்டுக்கணக்கில் உலர்த்துவர். பிறகே நக்காஷ் எனப்படும் செதுக்குநர் உளியும் கொட்டாப்புளியும் எடுப்பர். சினார் இலை ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்குமாறு உட்குடைந்து செய்யும் வேலையே அரியது. அதில் உளி ஒருமுறை வழுவினால், அத்தனை ஆண்டு காத்த பலகை வீணாம். நாம் கடையில் பாதி விலைக்குக் கேட்கும்போது அவர் முகம் சுளிப்பது இதனாலேதான் போலும்.