பழங்குடியினர் திரைப்படப் பயிற்சி

பழங்குடியினர் திரைப்படப் பயிற்சி என்பது பழங்குடிச் சமூகங்களைச் சேர்ந்த இளைஞர்களுக்கும் கதைசொல்லிகளுக்கும் கதை எழுதுதல், ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, இயக்கம் முதலியவற்றைக் கற்பித்து, அவர்கள் தம் வாழ்வைத் தாமே படமாக்கவும் திரைத்துறையைத் தொழிலாகக் கொள்ளவும் வழி செய்யும் முயற்சிகளைக் குறிக்கும். கனடா, பிரேசில், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் இது 1960களின் பிற்பகுதியிலிருந்து படிப்படியாக வளர்ந்தது. இந்தியாவில் சார்க்கண்டு, கேரளம் ஆகிய மாநிலங்களில் இதற்கு முன்னோடிகள் உள்ளனர். தமிழ்நாட்டில் இப்பயிற்சியின் தேவையைத் தெளிவாகக் காட்டும் பகுதி செங்கல்பட்டு மாவட்டத்தின் மாமல்லபுரம் கடற்கரை ஆகும். இங்கு வாழும் இருளர் பல பத்தாண்டுகளாகப் பிறரால் படமெடுக்கப்பட்டு வருகின்றனர். படக்கருவிக்குப் பின்னால் அவர்களைக் காண்பது அரிது.

செங்கல்பட்டுக் கடற்கரையின் இருளர்

இருளர் தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடியினராக வகைப்படுத்தப்பட்ட ஆறு சமூகங்களுள் ஒன்று. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இம்மாநிலத்தில் அவர்களின் எண்ணிக்கை சுமார் 1.9 இலட்சம். நீலகிரி, அட்டப்பாடி மலைப்பகுதிகளில் வாழ்வோர் இருள மொழியைப் பேசுகின்றனர். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் ஆகிய சமவெளி மாவட்டங்களில் வாழ்வோர் பெரும்பாலும் தமிழ் பேசுகின்றனர். ஆகவே மொழி வேறுபாடு இங்கு பயிற்சிக்குத் தடையன்று.

பாம்பு பிடித்தலும் எலி பிடித்தலும் மூலிகை அறிவும் இவர்களுடைய மரபுத் தொழில்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின்னர் பாம்புத் தோல் வணிகம் தடைப்பட்டதால் பல குடும்பங்கள் வருவாயை இழந்தன. 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. வடநெம்மேலியில் சென்னை முதலைப் பண்ணை வளாகத்தில் இச்சங்கம் செயல்படுகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்துச் சில வாரங்கள் வைத்திருந்து, நஞ்சை எடுத்தபின் மீண்டும் காட்டில் விடுவது இதன் முறை. அந்த நஞ்சிலிருந்து பாம்புக்கடி முறிவு மருந்து தயாரிக்கப்படுகிறது. இச்சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகியோருக்கு 2023இல் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது. கையில் இருந்த திறன் ஒன்று, உறுப்பினர்களுக்கே உரிய நிறுவனமாகவும் நிலையான வருவாயாகவும் மாறிய இந்நிகழ்வு, திரைப்படப் பயிற்சி பற்றிச் சிந்திப்போர் முதலில் ஆராய வேண்டிய உள்ளூர் எடுத்துக்காட்டு எனலாம்.

மாசி மாதப் பௌர்ணமியில் பல மாவட்டங்களிலிருந்து இருளர் குடும்பங்கள் மாமல்லபுரம் கடற்கரையில் கூடுகின்றன. சேலைகளையும் கம்புகளையும் கொண்டு கூடாரம் அமைத்துத் தங்குகின்றனர். விடியற்காலையில் ஈர மணலில் ஏழு படிகள் அமைத்துப் பூவும் பழமும் வெற்றிலையும் வைத்துத் தங்கள் தெய்வமாகிய கன்னியம்மனை வழிபடுகின்றனர். முடியிறக்குதல், காது குத்துதல், பெண் பார்த்தல், திருமணம் ஆகியனவும் அங்கேயே நடைபெறுகின்றன.

பிறர் எடுத்த படங்கள்

மாசி மகத்தன்று ஆண்டுதோறும் ஒளிப்படக் கலைஞர்களும் தொலைக்காட்சிக் குழுவினரும் இக்கடற்கரைக்கு வருகின்றனர். முதலைப் பண்ணையில் நஞ்செடுக்கும் காட்சியைக் காணப் பார்வையாளர்கள் கூடுகின்றனர். இருளரைப் பரவலாக அறியச் செய்த திரைப்படம் 2021 நவம்பரில் வெளியான த. செ. ஞானவேலின் ஜெய் பீம் ஆகும். இருளர் சிலர் அதில் துணைப் பாத்திரங்களில் நடித்தனர். முதன்மைப் பாத்திரங்களான இராசாக்கண்ணு, செங்கேணி ஆகியவற்றில் மணிகண்டனும் லிஜோமோள் ஜோசும் நடித்தனர். படத்திற்கு அடிப்படையான 1993ஆம் ஆண்டு நிகழ்வில் பாதிக்கப்பட்டவர் குறவர் சமூகத்தைச் சேர்ந்தவர். திரையில் அவர் இருளராக்கப்பட்டார். படம் ஏற்படுத்திய நன்மையை மறுக்க இயலாது. ஆயினும் எந்தச் சமூகத்தின் கதை எந்தச் சமூகத்தின் பெயரில் சொல்லப்பட வேண்டும் என்பதை இரு சமூகங்களுமே தீர்மானிக்கவில்லை என்பதும் உண்மை.

அதற்குச் சற்று முன்னர் மாமல்லபுரத்திலேயே வேறொன்று நிகழ்ந்தது. பூஞ்சேரியைச் சேர்ந்த நரிக்குறவர் சமூகப் பெண் ஒருவர், கோயில் அன்னதானத்தில் தமக்கு இடம் மறுக்கப்பட்டதாகப் பேசிய காணொளி 2021 அக்டோபரில் பரவியது. அமைச்சர் அவருடன் அமர்ந்து உணவருந்தினார். நவம்பர் 4 அன்று முதலமைச்சர் பூஞ்சேரிக்கு வந்து நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்கு வீட்டுமனைப் பட்டாவும் சாதிச் சான்றிதழ்களும் வழங்கினார். நரிக்குறவரைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டமுன்வரைவை 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. இது நெடுங்காலக் கோரிக்கை. ஒரு காணொளியின் விளைவு அன்று. எனினும் பட்டா விடயத்தில் அப்பெண்ணின் நேரடிப் பேச்சு, பல மனுக்கள் செய்யாததைச் செய்தது.

பிற நாடுகளில்

1966இல் சோல் வொர்த், ஜான் அடேர் என்னும் இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் அரிசோனாவில் நவாஹோ மக்களுக்குப் படமெடுக்கக் கற்றுக்கொடுத்தனர். அப்போது சாம் யாசி என்னும் முதியவர், படமெடுப்பதால் ஆடுகளுக்குத் தீங்கு உண்டா என்று கேட்டார். இல்லை என்றனர். நன்மை உண்டா என்றார். அதுவும் இல்லை என்றனர். அப்படியானால் எதற்காகப் படமெடுக்க வேண்டும் என்று அவர் கேட்டதாக அவர்களே பதிவு செய்துள்ளனர். பயிற்சியினால் சமூகத்திற்கு என்ன கிடைக்கும் என்ற இக்கேள்வி இன்றும் இத்துறையின் மையக் கேள்வியாகும்.

கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் 1968இல் பூர்வகுடியினரைக் கொண்ட ஒரு படக்குழுவை அமைத்துப் பயிற்சியளித்தது. அதன் வழியே 1969இல் வெளிவந்த "நீங்கள் இருப்பது இந்தியர் நிலத்தில்" என்னும் பொருள் கொண்ட ஆவணப்படத்திற்கு மோஹாக் இனத்தவரான மைக் மிட்செல் இயக்குநர் என்ற அங்கீகாரம் பல பத்தாண்டுகளுக்குப் பின்னரே கிடைத்தது. பிரேசிலில் 1986இல் வின்சென்ட் கரெல்லி தொடங்கிய "ஊர்களில் காணொளி" திட்டத்தில், எடுத்த காட்சிகள் உடனுக்குடன் ஊராருக்குத் திரையிட்டுக் காட்டப்பட்டன. ஊரார் கூறிய குறைகளே அடுத்த பாடமாயின.

தொழில்வாழ்க்கை என்னும் நோக்கில் ஆஸ்திரேலியாவின் அனுபவமே நிறைவானது. 1980இல் ஆலிஸ் ஸ்பிரிங்சில் மத்திய ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஊடகச் சங்கம் தொடங்கப்பட்டது. அங்கு பயிற்சி பெற்ற வார்விக் தோர்ன்டன் பின்னர் தேசியத் திரைப்படப் பள்ளியில் ஒளிப்பதிவு பயின்றார். அவருடைய சாம்சனும் தெலீலாளும் 2009இல் கான் திரைப்பட விழாவில் முதல் படத்திற்கான தங்கக் கேமரா விருதைப் பெற்றது. உள்ளூர் ஊடக நிறுவனம், தேசியப் பள்ளி, பொது நிதி என்னும் மூன்று படிகளும் அங்கு தொடர்ச்சியாக அமைந்திருந்தன.

இந்தியாவில்

சார்க்கண்டின் இராஞ்சியில் மேக்நாத், பீஜு டோப்போ ஆகியோர் அக்ரா என்னும் குழுவின் வழியே இயங்கினர். டோப்போ ஒராவோன் பழங்குடியைச் சேர்ந்தவர். சுரங்கம், நில வெளியேற்றம் ஆகியன பற்றிய படங்களை இவர்கள் எடுத்தனர். இருவரும் இயக்கிய லோஹா கரம் ஹை, 58ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சுற்றுச்சூழல் படத்திற்கான விருதைப் பெற்றது. கேரளத்தின் வயநாட்டில் கே. ஜே. பேபி நடத்திய கனவு பள்ளியில் பயின்ற பணியர் சமூகத்தவரான லீலா சந்தோஷ், அம்மாநிலப் பழங்குடியினரிலிருந்து வந்த முதல் பெண் இயக்குநராக அறியப்படுகிறார். அட்டப்பாடியைச் சேர்ந்த இருளப் பாடகி நஞ்சம்மா, அய்யப்பனும் கோசியும் படத்தில் இருள மொழியில் பாடியதற்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதை 2022இல் பெற்றார். முறையான இசைப் பயிற்சி பெறாதவருக்கு இவ்விருது அளிக்கலாமா என்ற விவாதமும் அப்போது எழுந்தது.

தெலுங்கானாவின் சகீராபாத்தில் தக்காண வளர்ச்சிச் சங்கம் 1990களின் இறுதியில் தலித் பெண்களுக்கு அளித்த பயிற்சி பழங்குடியினருக்கானதன்று. ஆயினும் எழுத்தறிவில்லாதோர்க்கு ஒளிப்பதிவைக் கற்பிக்க இயலும் என்பதை அது மெய்ப்பித்தது. அப்பெண்கள் மேலிருந்து கீழ்நோக்கும் கோணத்தைப் பட்டேல் கோணம் என்றனர். நிலக்கிழார் தம்மைப் பார்க்கும் பார்வை அது. கீழிருந்து மேல்நோக்கும் கோணம் அடிமைக் கோணம். கண்ணுக்கு நேரான கோணம் சங்கக் கோணம். பாடநூல்கள் பல பக்கங்களில் விளக்குவதை இப்பெயர்கள் ஒரு சொல்லில் விளக்கிவிடுகின்றன.

செங்கல்பட்டில் வாய்ப்பும் தடையும்

மாமல்லபுரத்திலிருந்து ஏறத்தாழ 45 கி.மீ. தொலைவில், சென்னை தரமணியில் தமிழ்நாடு அரசின் எம்.ஜி.ஆர். திரைப்பட மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் உள்ளது. அதன் பட்டப் படிப்புகளில் சேரப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். செங்கற்சூளை, அரிசி ஆலை, மரம் வெட்டுதல் என்று குடும்பத்துடன் இடம்பெயரும் பிள்ளைகள் பலர் அவ்வகுப்பை எட்டுவதில்லை. எட்டியவர்களுக்கும் இட ஒதுக்கீட்டைப் பெறச் சாதிச் சான்றிதழ் தேவை. அதைப் பெறுவதே இருளர் குடும்பங்களின் நீண்டகாலச் சிக்கல். இயக்குநர் வெற்றிமாறன் 2021இல் சென்னையில் தொடங்கிய பன்னாட்டுத் திரைப்பட மற்றும் பண்பாட்டு நிறுவனம், பின்தங்கிய பின்னணியைச் சேர்ந்த முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கட்டணமின்றிப் பயிற்சியளித்தது. அங்கும் பட்டம் ஒரு தகுதியாக இருந்தது.

படிப்பு முடிந்தாலும் வேலை உறுதியன்று. பெரிய படங்களில் பணியாற்றத் தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனத்தைச் சேர்ந்த சங்கங்களில் உறுப்பினராக வேண்டும். அதற்கான கட்டணம் தினக்கூலிக் குடும்பங்களின் வசதிக்கு அப்பாற்பட்டது. பயிற்சிக் காலத்தில் கூலி இழப்பை ஈடுசெய்யும் உதவித்தொகை இல்லாவிடில் மாணவர் பாதியிலேயே சூளைக்குத் திரும்ப நேரிடும். எனவே தங்கும் பள்ளியைவிட, ஊரிலேயே குறுகிய காலம் நடத்தப்படும் பட்டறைகளே தொடக்கத்திற்குப் பொருந்தும். செங்கல்பட்டை அடுத்த தண்டரையில் 1986 முதல் இயங்கும் இருளப் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கமும் மேற்கூறிய கூட்டுறவுச் சங்கமும் ஏற்கனவே மக்களின் நம்பிக்கையைப் பெற்றவை.

இத்தகைய பட்டறைக்கு மாசி மகக் கடற்கரை நல்ல களமாகும். விடியலுக்கு முன் வெளிச்சம் மிகக் குறைவு. முழுநிலவும் கூடார விளக்குகளும் மட்டுமே இருக்கும். கடற்காற்று ஒலிவாங்கியில் இரைச்சலாகப் பதியும்; அதற்குப் பஞ்சு உறையோ கம்பளி உறையோ இட வேண்டும். ஈர உப்புக்காற்று வில்லையில் படியும். இவை கைப்பேசியில் படமெடுப்பவரும் கற்க வேண்டியவை. அங்கு நடப்பவை குடும்பச் சடங்குகள் என்பதால், முடியிறக்கும் குழந்தையின் பெற்றோரிடமும் மணமக்களிடமும் முன்னரே இசைவு பெறுவதும், முடிந்த படத்தை அக்குடும்பங்களுக்கு முதலில் காட்டி, வேண்டாமென்று அவர்கள் கூறும் காட்சிகளை நீக்குவதும் பயிற்சியின் பகுதிகளாகும்.